நடுக்குரலுக்கு ஒரு காது

“மன்னிக்கணும்… அந்தப் பாட்டு அப்படி இல்லைங்க.”

நீவெஸ் திரும்பிப் பார்த்தாள். காபிக் கடையில் நின்றபடியே குடிக்கிற காலைக் கூட்டம். வெளியே போரா காற்று மழையைப் படுக்கப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. இத்தாலியத் துறைமுக ஊரான எங்கள் திரியெஸ்தேவில் போரா வீசும் நாளில் மழை மேலேயிருந்து வராது, பக்கவாட்டில்தான் வரும். அதனால் நாங்கள் குடையே எடுப்பதில்லை. பேசியவன் கையிலோ துணி கிழிந்து, கம்பி மட்டும் மிச்சமான ஒரு குடை. சரிதான்… வெளியூர்க்காரன்!

“எந்தப் பாட்டு?” என்றாள்.

“இப்ப நீங்க முணுமுணுத்தீங்களே… ‘கடலே, கொஞ்சம் நகரு’தானே அது? எங்க அப்பா காலத்து டான்ஸ் பாட்டு. அதுல மெட்டு மேல ஏறிப் போகணும். நீங்க ஏறவே இல்லையே? ஒரே இடத்துல நின்னுட்டீங்க.”

கடைக்காரர் ப்ரூனோ துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டார். நீவெஸிடம் போய், நீ தப்பாகப் பாடுகிறாய் என்று ஒருத்தன் சொல்கிறானே… இன்றைக்கு இவன் செத்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் நீவெஸ் சிரித்தாள். இனிப்பான சிரிப்பு. ஆபத்தானதும்கூட.

“அப்படியா சார்? எப்படி ஏறணும்னு கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்… கத்துக்கறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் காது வரை சிவந்து போனான். உயரமான ஆள். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நனைந்த சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒயர் எட்டிப் பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தான்.

‘கடலே… கொஞ்சம் நகரு… என் ஆளு வர்ற கப்பலுக்கு வழி விடு…’

ஐயோ! சுருதி ஒரு மயிரிழை கீழே. நீவெஸுக்குப் பல் கூசியது. ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? அவன் பாடுவது காதில் விழுந்ததும் அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. சற்று முன் முணுமுணுத்த அதே இடத்தில், அதே ஏறாத ஸ்வரங்களில், அவன் மெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவனுடைய மயிரிழைக் குறையை மட்டும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் சுருதியில் நின்று, அவனைக் கையைப் பிடித்து இழுப்பதைப்போல மேலே இழுத்தாள். அவனும் ஏறி வந்தான்!

ஒரே ஒரு வரி… ஆனால் கடையே திரும்பிப் பார்த்தது.

அவன் பாதியில் நின்றான். “என்ன… என்ன பண்ணீங்க நீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே. முதல்ல பாடினதையேதான் திருப்பிப் பாடினேன். இதுக்குப் பேரு நடுக்குரல். நாங்க மூணு பேர் சேர்ந்து பழைய காலத்து டான்ஸ் பாட்டு பாடறோம். மெட்டு எங்க அக்காவோடது. கீழ்க்குரல் எங்க ஃப்ரெண்ட் டொரினாவோடது. நடுவுல நான். சின்ன வயசுல இருந்து இதைத்தான் பாடறேன். சத்தியமா எனக்கு அந்தப் பாட்டோட மெட்டே பாட வராது சார்.”

“மெட்டே… வராதா?”

“உங்களுக்கும்தான் சுருதி வரலை. நான் ஏதாவது சொன்னேனா?”

ப்ரூனோ சத்தமாகவே சிரித்துவிட்டார். அவனும் சிரித்தான். சிரிக்கும்போது பார்வை சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் விழுந்தது. புள்ளி போட்ட கவுனில் மூன்று பெண்கள், நடுவில் நீவெஸ். மேலே கொட்டை எழுத்தில் ‘ட்ரே மூலே’.

“நீங்கதானா அது! ஆனா… கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஏன் போய் ‘மூணு கோவேறு கழுதைகள்’னு பேரு வச்சீங்க?”

ப்ரூனோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எந்த ஊரு நீங்க?” என்றாள் நீவெஸ்.

“ஃபெராரா.”

“உங்க ஃபெராராவுல மூலான்னா கோவேறு கழுதை. எங்க திரியெஸ்தேவுல மூலான்னா பொண்ணு. மூணு பொண்ணுங்க! புரியுதா?” கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், கதவில் கை வைத்துத் திரும்பினாள். “ஆனா எங்க அக்காவுக்கு உங்க ஊர் அர்த்தமும் பொருந்தும். அதை அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

போய்விட்டாள். அவன் கையிலிருந்த காபி ஆறிப்போனது. ஒரு பாட்டின் அடியில் இத்தனை பெரிய இடம் இருக்கிறது என்று இத்தனை நாளும் தனக்குத் தெரியாமல் போனதே என்று அவன் அதையே நினைத்துக்கொண்டு நின்றான்.

*

அக்கா ஃபுல்வியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடி திருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. முடியும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். கல்யாண வீடு, காபிக் கடை, கப்பல் கம்பெனி விருந்து என்று வருஷக்கணக்காகப் பாடியாகிவிட்டது. ஊரின் பெரிய நாடக அரங்கில் குளிர்கால நிகழ்ச்சிக்கு மட்டும் இவர்களைக் கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் மிலானிலிருந்து யாராவது வருவார்கள். இந்த வருஷம் அரங்கின் இயக்குநர் திருமதி கொஸூத்தா, துறைமுகத்துப் பழைய கிடங்கில் நடக்கும் இவர்கள் கச்சேரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

“இதுதான் கடைசி. இதுவும் கிடைக்கலைன்னா மூலேவைக் கலைச்சிடலாம்” என்று ஃபுல்வியா சொல்லிவிட்டாள். “எனக்குக் கால் வலிக்குது. இனிமே கல்யாண வீட்டுல இறைச்சி வெட்டற சத்தத்துக்கு மேல என்னால கத்த முடியாது.”

அக்கா சொன்னால் சொன்னதுதான்.  அக்காவுக்குக் கடை இருக்கிறது. டொரினாவுக்குப் புருஷனும் இரட்டைக் குழந்தைகளும் இருக்கிறார்கள். மூன்று குரல் இல்லாமல் போனால் நடுக்குரலுக்கு எங்கே இடம்? தனியாக அவள் பாடினால், பாட்டுத் தெரியாதவள் என்றுதானே ஊர் சொல்லும்? அன்றைக்குக் காபிக் கடையில் ஒருத்தன் சொன்னானே, அப்படி!

அந்த ஒருத்தன், கிடங்கைப் பார்க்க மூவரும் போனபோது, ஏணியின் உச்சியில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்தான்.

“கடவுளே…” என்றாள் நீவெஸ்.

“கோவே… வணக்கம்!” என்றான் அவன், நாக்கைக் கடித்துக்கொண்டு.

பெயர் எர்மெஸ். கச்சேரிக்கு ஒலி அமைக்க வந்தவன். இறங்கி வந்ததுமே ஃபுல்வியாவிடம் முட்டிக்கொண்டான்.

“ஒரு மைக் போதும்” என்றாள் ஃபுல்வியா. “அந்தக் காலத்துல மூணு பேரும் ஒரே மைக்கைச் சுத்தி நின்னுதான் பாடினாங்க. யாரு கிட்ட நிக்கணும், யாரு தள்ளி நிக்கணும்னு எங்க காலுக்கே தெரியும். எங்க குரலைக் கலக்க எங்களுக்கு ஆள் வேண்டாம்.”

“அம்மா, இது கிடங்கு. ஒரு மைக் வச்சா நீங்க பாடறது சுவத்துல போய் இடிச்சு, திரும்பி உங்ககிட்டயே வரும். ஆளுக்கு ஒண்ணு வேணும். நம்பலைன்னா பாடிப் பாருங்க.”

பாடிப் பார்த்தார்கள். கிடங்கு அந்த வரியை அப்படியே திருப்பி அனுப்பியது. ஃபுல்வியாவின் முகம் கடுகடுத்தது. ஆனால் நீவெஸ் சுவரைக் கவனிக்கவில்லை. அவனைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தவன், அவளைப் பார்த்துத்தான் கேட்டான். “ரெண்டாவது வரி முடியற இடத்துல அவங்க ரெண்டு பேரும் மூச்சு எடுத்தாங்க. நீங்க எடுக்கலை. ஏங்க?”

 இத்தனை வருஷத்தில் ஒரு ஜீவன்கூட அவளிடம் இதைக் கேட்டதில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் அவள் மட்டும் அடக்கிக்கொண்டு தாண்டுவாள், எப்போதுமே.

“அப்படியா?” என்று ஃபுல்வியாவும் டொரினாவும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்களுக்கே தெரியாது!

“அக்கா,” என்றாள் நீவெஸ், “மூணு மைக்கே வச்சுக்கலாம். இவர் சரியாப் பண்ணுவார். நான் பொறுப்பு.”

ஃபுல்வியா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ பொறுப்பா? சரி. பார்த்துக்கலாம்.”

*

மறுநாளே எர்மெஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்து நின்றான். நீவெஸ் அங்கேதான் கண் பரிசோதிக்கிறாள் என்பதை ப்ரூனோவைக் காக்கா பிடித்துத் தெரிந்துகொண்டானாம்.

“கண்ணு சரியாத் தெரியலைங்க.”

“உட்காருங்க. அந்தப் பலகையில மூணாவது வரியைப் படிங்க.”

“ம்ம்… எறும்பு போற மாதிரி இருக்கு.”

“ரெண்டாவது வரி?”

“அதுலயும் எறும்புதான். கொஞ்சம் பெரிய எறும்பு.”

நீவெஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நேத்து ஏணி மேல நின்னுக்கிட்டு, அந்தக் கோடியில தொங்கற விளக்குல ஒரு திருகாணி லூஸா இருக்குன்னு சொன்னது யாரு?”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரிப்பு… அந்தக் காபிக் கடைச் சிரிப்பு.

“வந்தது வந்தீங்க, அளவாவது எடுக்கறேன்” என்று சின்ன அளவுகோலை அவன் மூக்கின் மேல் வைத்தாள். நாள் முழுக்க ஊரார் கண்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. கண் என்றால் அவளுக்கு ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்… பழுப்பு நிறம், இடது கண்ணில் மட்டும் தேன் துளி விழுந்தாற்போல ஒரு மஞ்சள் பொட்டு. எண் மறந்து போயிற்று. ஜன்னலில் மழை சடசடத்தது. அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

“கண்ணை மூடாதீங்க… அளவெடுக்க வேண்டாமா?”

“நீங்க பேசினா தானா மூடிக்குதுங்க. நல்லாக் கேக்கணும்னா நான் கண்ணை மூடிடுவேன். சின்ன வயசுப் பழக்கம்.”

“அப்ப நான் பேசலை.”

“ஐயையோ, பேசுங்க! கண்ணாடி இல்லாட்டிப் போகுது!”

அவன் போன பிறகு வந்த கிழவருக்கு அவள் தூரப்பார்வைக்குப் பதில் கிட்டப்பார்வைக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். அவர் தன் மனைவியைப் பார்த்து, “யாரும்மா நீ?” என்று கேட்டாராம். இதைப் பிறகு ஊரே சொல்லிச் சிரித்தது.

*

கச்சேரி நாள். கிடங்கு நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் திருமதி கொஸூத்தா, மடியில் கைப்பை, கைப்பையின் மேல் கைகள். பின்னால், குரல்களைக் கலக்கும் மிக்ஸர் கருவியின் முன் எர்மெஸ். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நீவெஸ் மேடையிலிருந்தே பார்த்தாள். இன்றைக்கு என் குரலை ஒருத்தர் கேட்கிறார்… அந்த நினைப்பே போதுமாக இருந்தது. அவள் அன்றைக்குப் பாடியதைப்போல என்றைக்கும் பாடியதில்லை.

முதல் பாட்டு முடிந்தபோது கைத்தட்டல் பலமாக இருந்தது. மூன்றாம் பாட்டில் கொஞ்சம் குறைந்தது. ‘கடலே, கொஞ்சம் நகரு’ வந்தபோது சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரே மனப்பாடமாகப் பாடும் பாட்டு… ஆனால் சேர்ந்து பாட முயன்றவர்கள் எல்லாம் தடுமாறினார்கள். பெரிதாகக் கேட்டது ஒரே இடத்தில் நிற்கும் ஏதோ ஒரு ஸ்வர வரிசை. மெட்டு எங்கோ பின்னால், அடுத்த வீட்டில் பாடுவதைப்போல!

மேடையில் நின்ற மூவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர்களுக்கென்று தனியாக வைத்த மேடை ஸ்பீக்கரில் எல்லாம் சரியாகத்தான் கேட்டது. முடிந்ததும் திருமதி கொஸூத்தா வந்தார். ஃபுல்வியாவின் கையைக் குலுக்கினார்.

“உடை நல்லா இருந்துச்சு. ஆனா… மெட்டு எங்கம்மா போச்சு? எனக்கு உங்க தங்கச்சி குரல் மட்டும்தான் கேட்டுச்சு.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

ஃபுல்வியா மெல்லத் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

“உன் குரல் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சா உனக்கு? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே நீவெஸ். ஒரு பாட்டு உனக்கு விட்டுக் கொடுத்திருப்பேன். அந்த ஆளைப் பிடிச்சு, என்னை அமுக்கித்தான் உன் குரல் கேக்கணுமா?”

“அக்கா! சத்தியமா நான்…”

“நீதானே பொறுப்புன்னு சொன்னே?”

நீவெஸ் எர்மெஸிடம் ஓடினாள். கண்ணில் நீர் முட்டியது, அதை விழவிடவில்லை.

“என்ன பண்ணீங்க? என் குரலை ஏன் ஏத்தினீங்க?”

“நான் ஏத்தலை!” அவன் திகைத்துப் போனான். “மூணு குரலும் சமமாத்தான் வச்சேன். என் கை நகரவே இல்லை. இந்தத் தொழில்ல இதுவரைக்கும் ஒருத்தர் என்னைக் குறை சொன்னதில்லைங்க. கிடங்கு எதிரொலிச்சா நான் என்ன பண்றது?”

“ஊரே தப்பு, உங்க கை மட்டும் சரியா?”

“என் காது பொய் சொல்லாது!”

“நல்லது. அந்தக் காதையே கட்டிக்கிட்டு அழுங்க.” குரல் உடைந்தது. “என் குரல் யாருக்கும் கேக்கலைன்னாலும் நான் நிம்மதியா இருந்தேன் சார். எங்க மூணு பேருக்குள்ள ஒரு இடம் இருந்துச்சு எனக்கு. அதையும் இன்னைக்குப் பிடுங்கிட்டீங்க.”

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வெளியே காற்று நின்று, மழை நேராகப் பெய்துகொண்டிருந்தது. ஒதுங்கக்கூடத் தோன்றாமல் முழுக்க நனைந்தே வீடு போனாள்.

*

எர்மெஸ் ரோஷக்காரன். இரண்டு நாள், கிடங்கு, சுவர், தகரக் கூரை என்று எல்லாவற்றையும் மனதில் திட்டித் தீர்த்தான். மூன்றாம் நாள் காலை, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிக்கவே, அன்றைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டான்.

முதல் பாட்டு, மூன்று குரலும் சமம். அப்பாடா! இரண்டாம் பாட்டில் நடுக்குரல் கொஞ்சம் முன்னால் வந்தது. மூன்றில் இன்னும் கொஞ்சம். கடைசிப் பாட்டில்… நீவெஸ் மட்டும்தான்.

 எதிரொலி ஒரே ஒரு குரலை மட்டும் தூக்குமா? கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேனே… காது அவளைத் தேடியிருக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டிருக்கிறது. கை அதன் பேச்சைக் கேட்டு ஏற்றியிருக்கிறது. எனக்கே தெரியாமல்! நல்ல ஒலிக்காரன் ஒருத்தன் அங்கே இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்று பெருமை அடித்துக்கொள்வேனே… அன்றைக்குக் கிடங்கு முழுக்கக் கேட்டது என் மனசுதானா?

அட, முட்டாளே… நீ காதலிக்கிறாய்! அதை ஊர் பூராவுக்கும் ஸ்பீக்கர் வைத்துச் சொல்லிவிட்டு, அவளிடம் மட்டும் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். கண்ணாடிக் கடையில் அவள் இல்லை. ப்ரூனோதான் சொன்னார். “மூலேங்க மூணு பேரும் அந்த கொஸூத்தா அம்மாவைப் பார்க்கப் போயிருக்காங்க. அந்தம்மா மத்தியானம் எங்க சாப்பிடுவாங்கன்னு ஊருக்கே தெரியுமே.”

*

எங்கள் ஊரில் மத்தியானம் என்றால் வேகவைத்த பன்றிக்கறிக் கடைதான். ஆவி பறக்கும் அண்டா, மேலே துருவிப்போட்ட காட்டமான முள்ளங்கி, கூடவே பீர். திருமதி கொஸூத்தா சுவரோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நீவெஸ்தான் அக்காவை இழுத்து வந்திருந்தாள். அக்கா பேசாவிட்டால் போகட்டும், மூலே கலையக் கூடாது!

“இன்னொரு தடவை கேளுங்கம்மா” என்றாள் நீவெஸ். “ஒரே ஒரு பாட்டு.”

“மிலான்காரங்களுக்குச் சொல்லியாச்சும்மா. வேலை முடிஞ்சுது.” முள்ளங்கியின் காரம் மூக்கில் ஏறி, அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குரல் கலக்கத் தெரியாதவங்களை நான் எப்படி மேடையேத்தறது?”

கதவு திறந்தது. மூச்சு வாங்க எர்மெஸ்!

“அவங்களுக்குத் தெரியும்மா! எனக்குத்தான் தெரியலை.”

அண்டாவில் கரண்டி போட்டுக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். எர்மெஸின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அன்னைக்குக் கெடுத்தது நான். அவங்க சரியாத்தான் பாடினாங்க. நான்தான் நடுக்குரலை ஏத்தினேன். வேணும்னு இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்… கை தன் பாட்டுக்குப் போயிடுச்சு. ஏன்னா…” அவன் நீவெஸைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. “ஏன்னா, அந்தக் கிடங்குல எனக்கு வேற எதுவுமே கேக்கலை. உங்க குரல்தான் கேட்டுச்சு. காபிக் கடையில கேட்டதுல இருந்து அது மட்டும்தான் கேக்குது. நான் உங்களைக் காதலிக்கறேங்க. என் கைக்கு அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என் காது பொய் சொல்லாதுன்னு சண்டை போட்டேனே… அதுவே பொய். மன்னிச்சிடுங்க.”

 நீவெஸுக்குக் கன்னம் கொதித்தது. முள்ளங்கிக் காரம் என்று சொல்ல முடியாது, அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

டொரினாதான் முதலில் வாய் திறந்தாள். “பன்னிக்கறிக் கடையில வந்தா சொல்லுவாங்க இதை!”

ஃபுல்வியா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல இளகியது. “அப்ப… உன் குரலை ஏத்தச் சொல்லி நீ அவர்கிட்டக் கேக்கலையா?”

“நான் ஏன்க்கா கேக்கப் போறேன்? என் இடம் எனக்குப் பிடிக்கும்க்கா.”

“மூச்சுகூட எங்களுக்காக அடக்கினவளைப் போய்…” ஃபுல்வியா முடிக்கவில்லை. தங்கையின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள். “அம்மா, மைக் வேண்டாம், மேடை வேண்டாம். நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. நாங்க பாடறோம்.”

மூன்று தலைகளும் ஒன்றாய்ச் சேர்ந்தன. ஃபுல்வியா அரை அடி முன்னே. நீவெஸ் நடுவே. டொரினா தோளோரம். ‘கடலே… கொஞ்சம் நகரு…’

மெட்டு தெளிவாக எழுந்தது. அதன் அடியில் நடுக்குரல், யாரும் கவனிக்காத அந்த இடத்தில், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு. இரண்டாவது வரி முடியும் இடத்தில் ஃபுல்வியா மூச்சு எடுக்கவில்லை. தங்கையைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினாள்… நீ எடு! நீவெஸ் எடுத்தாள். கண்ணீரோடு எடுத்தாள். அடுத்த வரியில் கடை முழுக்கச் சேர்ந்து பாடியது. ஒருவர்கூட மெட்டைத் தவறவிடவில்லை.

திருமதி கொஸூத்தா கரண்டியைக் கீழே வைத்தார்.

“டிசம்பர்ல வாங்க. ஒரே மைக்தான். மிலான்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன்.” பிறகு எர்மெஸ் பக்கம் விரலை நீட்டினார். “ஆனா இந்த ஆளுக்கு என் தியேட்டர்ல வேலை கிடையாது. காதலிக்கிறவன் கையில நான் மிக்ஸரைக் கொடுக்க மாட்டேன்.”

“நியாயம்மா” என்றான் எர்மெஸ், வாயெல்லாம் பல்லாக.

*

கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல் மேடையில் இருவரும் நடந்தார்கள். மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை, அவள் முடியை எடுத்து அவன் முகத்தில் வீசிக்கொண்டேயிருந்தது. கரையில், கொஞ்சம் தள்ளி, ஃபுல்வியாவும் டொரினாவும் கடலைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு நின்றார்கள்.

“நீங்க ஒண்ணும் சொல்லலையே…” என்றான்.

“எதுக்கு?”

“கறிக்கடையில நான் சொன்னதுக்கு.”

“ஓ, அதுவா!” நீவெஸ் உதட்டைச் சுழித்தாள். “‘நான் உங்களைக் காதலிக்கறேங்க’… பேங்க் மேனேஜர்கிட்டப் பேசற மாதிரி! ‘நீங்க’ன்னு சொல்லி யாராவது காதலைச் சொல்லுவாங்களா?”

அவன் நின்றான். மஞ்சள் பொட்டு மின்னியது.

“நான்… உன்னைக் காதலிக்கறேன் நீவெஸ்.”

ஒரு சொல் மாறியதற்கு இவ்வளவா? அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.  ஊரையே வாயால் மடக்குகிறவள், கடலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள்.

“சரி, நீ சொல்ல வேண்டாம்” என்றான் அவன் சிரித்துக்கொண்டே. “எனக்கு வேலை போச்சு, நேரம் நிறைய இருக்கு. நீ தனியாப் பாடினா, உனக்குப் பாட்டே தெரியாதுன்னு ஊர் சொல்லும்னு கவலைப்பட்டியாமே, டொரினா சொன்னா. இனிமே மெட்டு நான் பாடறேன். உன் இடத்தை விட்டு நீ வர வேண்டாம்.”

பாட ஆரம்பித்தான். ‘கடலே… கொஞ்சம் நகரு… என் ஆளு வர்ற கப்பலுக்கு வழி விடு…’

அதே குரல். அதே மயிரிழைக் குறை. காற்றில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நீவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நல்லாக் கேட்கணும் என்றால் அப்படித்தானே? பனிக்காலத்தில் அக்கா சுருதி இறங்கினால்கூட இறங்காதவள் அவள். யாராயிருந்தாலும் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு வருவாளே தவிர, அவளாக இறங்கிப் போனதில்லை. வாயைத் திறந்தாள். அவன் ஸ்வரத்தைத் தேடி, மெல்ல மெல்ல இறங்கி, அவன் நின்ற இடத்துக்கே போய், அவன் அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அந்தக் காதுக்குப் புரியாமல் போகுமா? “நீ… இறங்கிட்ட.”

“ஆமா” என்றாள். “உன்னைக் காதலிக்கறேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நிறுத்தாதே, பாடு.”

பாடினார்கள். கரையிலிருந்து ஃபுல்வியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

“நீவெஸ்! ஐயோ, சுருதி போச்சுடி! ஏறு… மேல ஏறு!”

நீவெஸுக்கு அது நன்றாகக் கேட்டது. அவள் ஏறவில்லை.